மொட்டை மாடி ஆன்டெனாவில் விமானம் பிடிப்பது: ஏடிஎஸ்-பி ரிசீவர் முதல் கன்ட்ரோல் டவர் குரல் வரை

பிளைட்ரேடார்24 செயலியில் நகரும் மஞ்சள் விமானங்களில் பெரும்பாலானவை, எங்கோ ஒருவர் வீட்டு மாடியில் நிற்கும் முழநீள ஆன்டெனா பிடித்து அனுப்பியவை. அப்படி ஒன்றை நீங்களும் வைக்கலாம். ரேடியோ அலையைக் கேட்டுக் கணினிக்குக் கொடுக்கும் விரல் நீள யுஎஸ்பி டாங்கிள், ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று, கொஞ்சம் செம்புக் கம்பி, டிஷ் டிவி கேபிள் இருந்தால் போதும். இதில் இறங்குகிறவர்கள் முதலில் விலை கூடிய டாங்கிளைத் தேடுவார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, கேபிள் எவ்வளவு குட்டை, பக்கத்து செல்போன் டவரை எப்படி அடக்குகிறீர்கள் என்ற மூன்றுதான் பலனைத் தீர்மானிக்கும்.

விமானம் என்ன சொல்லிக்கொண்டு போகிறது

விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற ரேடியோ கருவி 1090 மெகாஹெர்ட்ஸில், யாரும் கேட்காமலே, இருப்பிடத்தை நொடிக்கு இரண்டு முறை, வேகத்தை இரண்டு முறை, அழைப்புப் பெயரை ஐந்து நொடிக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டே போகும். இதுதான் ஏடிஎஸ்-பி. ஒரு செய்தி 112 பிட். முன்னால் வரும் அடையாளத் துடிப்பையும் சேர்த்தால் 120 மைக்ரோநொடி. சங்கேதப் பூட்டு எதுவும் கிடையாது. அமெரிக்கா 2020 தொடக்கத்திலிருந்து தன் வான்வெளியின் பெரும்பகுதியில் இதைக் கட்டாயமாக்கியது. அங்கே 18,000 அடிக்குக் கீழே பறக்கும் சிறு விமானங்கள் 978 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்தலாம். மற்ற இடங்களில் 1090 மட்டும் போதும்.

இந்த அலை வளைந்து வராது. பூமியின் வளைவு மறைக்காத தூரம் வரைதான் எட்டும். கணக்கு எளிது: ஆன்டெனா உயரம், விமான உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். 35,000 அடியில் பறப்பதை 10 மீட்டர் உயர மாடியிலிருந்து 438 கி.மீ. சுமாருக்குப் பிடிக்கலாம். 3,000 அடியில் இறங்கி வருவதென்றால் 138 கி.மீ.தான். இதெல்லாம் மறைப்பே இல்லாத இடத்துக்கான உச்சம். ஜன்னலோரம் வைத்தால் 50 முதல் 100 கி.மீ. கிடைத்தாலே நல்லது.

வாங்க வேண்டியவை

ஆர்டிஎல்2832யு சில்லும் ஆர்820டி2 அல்லது ஆர்860 டியூனரும் உள்ள டாங்கிள் எடுங்கள். டிவி பார்க்கச் செய்த இந்தச் சரக்கு 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எதையும் கேட்கும் என்பது 2012 வாக்கில் தெரிந்த பிறகுதான் இந்தப் பொழுதுபோக்கே சாமானியர் கைக்கு வந்தது. உலோகக் கூடும், எஸ்எம்ஏ என்ற திருகி மாட்டும் சிறு இணைப்பியும் உள்ளதாகப் பாருங்கள். ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி3 நல்ல தேர்வு. குரலும் கேட்க நினைப்பவர் இதையே வாங்கலாம். 1090 மட்டும் போதும் என்றால், ஆம்பிளிஃபயரும் ஃபில்டரும் உள்ளேயே இருக்கும் பிளைட்அவேர் புரோ ஸ்டிக் பிளஸ் வேலையைச் சுலபமாக்கும்.

ராஸ்பெரி பை 3பி தாராளம். ஜீரோ 2 டபிள்யூவும் தாங்கும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய செல்போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் போட்டால் மின்னழுத்தம் இறங்கும், டாங்கிள் நள்ளிரவில் காணாமல் போகும், காலையில் பார்த்தால் வரைபடம் காலியாக இருக்கும். "சாஃப்ட்வேர் சரியில்லை" என்று புலம்பப்படும் கோளாறுகளில் கணிசமானவை இந்த வகைதான்.

கேபிளுக்கு ஆர்ஜி6, அதாவது டிஷ் டிவி கேபிள். இதன் மின்மறுப்பு 75 ஓம், டாங்கிளுடையது 50 ஓம், பொருந்தாதே என்று சொல்வார்கள். அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபெல்கூட (சிக்னல் ஏற்ற இறக்கத்தின் அலகு) இல்லை. ஆர்ஜி6-இல் 10 மீட்டருக்கு 2 டெசிபெல் சுமார் இழப்பு. ஓம் பொருந்துகிறதே என்று மெல்லிய ஆர்ஜி58 போட்டால் அதே 10 மீட்டருக்கு 5-க்கு மேல் போகும். ஆர்ஜி174 போட்டால் 10 டெசிபெல். அது பத்தில் ஒரு பங்குதான் டாங்கிளுக்கு வந்து சேருகிறது என்று அர்த்தம். எஃப் கனெக்டரிலிருந்து எஸ்எம்ஏவுக்கு ஓர் அடாப்டர் மறக்காமல் வாங்குங்கள்.

ஆன்டெனாவை நீங்களே செய்யுங்கள்

1090 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 27.5 செ.மீ. கால் பங்கு 69 மி.மீ.; கம்பியில் அலை சற்று மெதுவாக ஓடுவதால் 66 மி.மீ. வெட்ட வேண்டும். எலக்ட்ரிக்கல் கடையில் 14 கேஜ் செம்பு எர்த் கம்பி அரை மீட்டர், எலக்ட்ரானிக்ஸ் கடையில் நான்கு மூலையிலும் துளையுள்ள 'N' வகைப் பேனல் சாக்கெட் ஒன்று, அதில் டிஷ் கேபிளை மாட்ட ஓர் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுமுனையில் 66 மி.மீ. கம்பியை நேராக நிறுத்தி ஈயப்பற்று வையுங்கள். அளவு எடுப்பது சாக்கெட்டின் உலோகத் தட்டுக்கு மேலே தெரியும் நீளத்துக்குத்தான். நடு ஊசியின் நீளமும் அதில் சேரும். இதை விட்டுவிட்டு 66 மி.மீ. துண்டை ஊசியின் நுனியில் ஒட்டினால் ஆன்டெனா 1,000 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே போய் நிற்கும். மூலைத் துளைகளில் 70 மி.மீ. கம்பி நான்கைப் பொருத்தி, கீழ்நோக்கி 45 டிகிரிக்கு மடக்குங்கள். மடக்கினால்தான் 50 ஓம் பக்கம் வரும். தட்டையாக விட்டால் 36 ஓம் அளவில் நிற்கும். பெரிய நஷ்டமில்லை, ஆனால் மடக்குவதற்குக் காசா பணமா?

மழைக்கு ஒரு துண்டு வெள்ளை பிவிசி குழாயால் மூடுங்கள். கறுப்புக் குழாய் வேண்டாம். நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூள் அலையை விழுங்கும். இணைப்பி வாயை அடைக்க, புளிப்பு வாடை அடிக்கும் சாதா சிலிகானைப் பூசாதீர்கள். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பைப் பச்சை பூக்க வைத்துவிடும். எம்-சீலோ, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்போ போதும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் கீழே ஒரு தொங்கல் விடுங்கள். மழைநீர் அங்கே சொட்டிவிடும்.

கேபிளைத் துண்டு துண்டாக வெட்டிச் செய்யும் கோலினியர் ஆன்டெனா பற்றி நிறையப் படிப்பீர்கள். அதில் ஒவ்வொரு துண்டும் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்க வேண்டும், ஓர் ஈயப்பற்று விட்டாலும் முழுசும் போச்சு. இந்த ஐந்து கம்பி ஆன்டெனாவை ஒரு மாதம் ஓட்டிய பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கே நிறுத்துவது

சின்டெக்ஸ் டேங்க், லிஃப்ட் அறை, கைப்பிடிச் சுவர் எல்லாவற்றையும் தாண்டி நிற்கும்படி குழாயில் ஏற்றுங்கள். பக்கவாட்டில் இரும்புக் கம்பமோ தகரக் கூரையோ இருந்தால் அந்தத் திசையே இருட்டாகிவிடும். மாடியிலிருந்து கீழே 25 மீட்டர் கேபிள் இழுப்பதைவிட, டாங்கிளையும் ராஸ்பெரி பையையும் மாடியிலேயே ஒரு பெட்டிக்குள் வைத்து, கீழே வைஃபையில் எடுப்பது மேல். பெட்டி நிழலில் இருக்க வேண்டும், அடியில் காற்றுத் துளை வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய தகரப் பெட்டிக்குள் டாங்கிள் தாங்காது. கம்பத்தை எர்த் செய்யுங்கள். இடி மின்னல் வந்தால் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

சாஃப்ட்வேர்

ராஸ்பெரி பை இமேஜர் என்ற நிரலி மூலம் ராஸ்பெரி பை ஓஎஸ் லைட் 64-பிட்டை எஸ்டி கார்டில் எழுதுங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி) மூன்றையும் அங்கேயே கொடுத்துவிட்டால் மானிட்டர் தேவைப்படாது. பிறகு, பிடித்த செய்தியைப் பிரித்துப் படிக்கும் ரீட்எஸ்பி டிகோடரையும் டார்1090 வரைபடத்தையும் அவற்றின் கிட்ஹப் பக்கத்தில் உள்ள ஒற்றை வரி ஸ்கிரிப்டால் நிறுவுங்கள். கமாண்ட் வரி என்றாலே அலர்ஜி என்பவர்களுக்கு பிளைட்அவேரின் பைஅவேர் என்ற தயார் இமேஜ் இருக்கிறது. டார்1090 நிறுவியிருந்தால், அதே வைஃபையில் உள்ள போனில் ராஸ்பெரி பையின் ஐபி முகவரி, ஒரு சாய்கோடு, டார்1090 என்று அடித்தால் வரைபடம் திறக்கும்.

டாங்கிள் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், லினக்ஸ் அதை டிவி டியூனர் என்று நினைத்துத் தன் டிவிபி டிரைவரை மாட்டியிருக்கும். அந்த டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்த்து ராஸ்பெரி பையை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் என்றால் ஸாடிக் என்ற சிறு நிரலி மூலம் வின்யுஎஸ்பி டிரைவர் ஏற்ற வேண்டும். பட்டியலில் "பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0" என்று வருவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் வேறொன்றைத் தொட்டால் உங்கள் கீபோர்டோ மவுஸோ செத்துவிடும்.

அடுத்தது இருப்பிடம். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் நான்கு தசம இடம் வரை கொடுங்கள். சென்னைக்கு அட்சம் 13, தீர்க்கம் 80 பக்கம் வரும். மாற்றிப் போட்டால் உங்கள் மொட்டை மாடி ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு அருகே போய்விடும். விமானங்கள் பட்டியலில் வரும், வரைபடத்தில் வராது. அத்தனை தூரத்திலிருந்து வருவது பொய்யான இடம் என்று டிகோடர் வீசிவிடும்.

கெயின்: குறைத்தால் கூடும்

கெயின் என்பது சிக்னலை டாங்கிள் எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவு. ஆர்820டி2 டியூனரின் உச்ச கெயின் 49.6 டெசிபெல். எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். திருவிழா மைக் செட்டில் வால்யூமைத் திருகத் திருகப் பாட்டு கரகரவென்று உடைவதைப் போலத்தான் இங்கும் நடக்கும். பக்கத்து விமானத்தின் குரல் உடையும், செல்போன் டவரின் 900 மெகாஹெர்ட்ஸ் அலை எல்லாவற்றையும் அமுக்கும்.

கிராஃப்ஸ்1090 என்ற துணைக்கருவியை நிறுவி, −3 டெசிபெல்லுக்கு மேலான வலுத்த செய்திகள் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 5-ஐத் தாண்டினால் கெயினை ஒரு படி இறக்குங்கள். ஏறக்குறைய பூஜ்யம் என்றால் ஒரு படி ஏற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முழு நாள் விடுங்கள். காலை நெரிசலையும் மதிய மந்தத்தையும் ஒப்பிட்டு முடிவுக்கு வரக்கூடாது.

கண்ணெதிரே செல்போன் டவர் இருந்தால், மற்ற அலைகளைத் தடுக்கும் 1090 ஃபில்டர் தேவை. ஆம்பிளிஃபயரும் வைப்பதானால் அதை ஆன்டெனா அடியில் வையுங்கள். கீழே டாங்கிள் பக்கத்தில் வைத்தால், கேபிளில் ஏற்கெனவே தொலைந்த சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். டவர் மிக அருகே என்றால் ஃபில்டர் முதலில், ஆம்பிளிஃபயர் பிறகு. ஃபில்டரில் இரண்டு மூன்று டெசிபெல் போனாலும் பரவாயில்லை. வி3 டாங்கிளில் உள்ள பயாஸ் டீ என்ற மின்வசதி, கேபிள் வழியே 4.5 வோல்ட் அனுப்பி அந்த ஆம்பிளிஃபயரை ஓட்டும். நடுமுனையும் தரைமுனையும் டிசிக்கு ஒன்றாக இருக்கும் ஆன்டெனாவை நேரடியாக மாட்டிக்கொண்டு பயாஸ் டீயைப் போடாதீர்கள், ஷார்ட் ஆகும்.

திரையில் தெரிவதைப் படிப்பது

ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் முகவரி ஒன்று உண்டு, திரையில் ஆறு இலக்க ஹெக்ஸ் எண்ணாகத் தெரியும். 80 முதல் 83 வரை தொடங்கினால் இந்தியப் பதிவு. 770 என்றால் இலங்கை. 76 சற்றுக் குழப்பும்: 760 முதல் 767 வரை பாகிஸ்தான், 768-இலிருந்து சிங்கப்பூர். அழைப்புப் பெயரில் டிக்கெட்டில் இருக்கும் இரண்டெழுத்து வராது, மூன்றெழுத்து வரும். இண்டிகோ ஐஜிஓ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஏஎக்ஸ்பி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்ஐஏ. ரேடியோவில் பேசும்போது இண்டிகோ "ஐஃப்ளை", சென்னைக்கு வரும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் "ஸ்பீட்பேர்ட்".

உயரம் 25 அடிப் படிகளில் வரும். அது 1013.25 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாக வைத்த காற்றழுத்த உயரம், உண்மையான உயரமல்ல. ஆடி மாதச் சென்னையில் அழுத்தம் 1005 என்றால், ஓடுபாதையைத் தொடப்போகும் விமானம் 200 அடிக்கு மேல் கூடுதலாகக் காட்டும். ரிசீவரில் கோளாறில்லை.

சென்னையின் பிரதான ஓடுபாதை 07/25. எண்ணை பத்தால் பெருக்கினால் காந்தத் திசை டிகிரியில் வரும். விமானம் எதிர்காற்றில்தான் ஏறி இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் 25 ஓடும், விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து இறங்கும். வடகிழக்குப் பருவத்தில் 07, மேற்கிலிருந்து. கோடையில் பகலில் கடற்காற்று ஏறியதும் வரிசை மொத்தமும் திசை மாறுவதுண்டு. தடங்களைச் சேமித்துப் பார்த்தால் அந்த நேரமே தெரியும். கோவைக்காரர்களுக்கு நீலகிரியும் ஆனைமலையும் இரு பக்கம் மறைக்க, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் தடங்கள் மேற்கே நீளும். மலை எவ்வளவு மறைக்கும் என்பதை ஹேவாட்ஸ்தட் தளத்தில் முன்கூட்டியே வரைந்து பார்க்கலாம்.

பட்டியலில் இருந்தும் வரைபடத்தில் இடம் இல்லாதவை, இருப்பிடம் அனுப்பாத மோட் எஸ் டிரான்ஸ்பாண்டர்கள். ஒரே செய்தி நான்கு ரிசீவர்களை எட்டும் நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிடும் எம்எல்ஏடி முறையில் அவையும் தெரியும். அதற்கு உங்கள் தரவை ஒரு தளத்துக்கு ஊட்ட வேண்டும். பிளைட்ரேடார்24-க்கு ஊட்டினால் அதன் பிசினஸ் சந்தா இலவசம். உங்கள் ரிசீவரில் ராணுவ விமானம் தெரிந்தால் படம் பிடித்து வலையில் போடாதீர்கள். ஸ்குவாக், அதாவது விமானி டிரான்ஸ்பாண்டரில் போடும் நான்கு இலக்க எண், 7700 என்றால் அவசரநிலை, 7600 ரேடியோ பழுது, 7500 கடத்தல். ஒரு கணம் தோன்றி மறைந்தால் விமானி எண் மாற்றும்போது இடையில் கடந்ததாகவும் இருக்கலாம்.

குரல்: முதலில் சட்டம்

இருப்பிடத் தரவு வேறு, விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் இடையிலான பேச்சு வேறு. இந்தியாவில் 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டம் உரிமம் இல்லாமல் கருவி வைத்திருப்பதையே தடுத்தது. அதன் இடத்துக்கு வந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டம், அனுமதியின்றிச் செய்தியை இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆகவே தமிழ்நாட்டில் இருப்பவர் குரல் பக்கம் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம். ரிசீவர் வாங்கும் முன்னும் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியோவில் ஆழமாக இறங்க ஆசைப்பட்டால் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதி உரிமம் எடுங்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் தடை இருக்கிறது. ஜப்பானில் கேட்கலாம், கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. அமெரிக்காவில் கேட்கத் தடையில்லை. இனி வருவது அங்கே இருப்பவர்களுக்கு.

நியூயார்க்கில் கென்னடி டவரைக் கேட்பது

குரல் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏஎம் முறையில். எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுத்தவர் மட்டும் கேட்பார், மற்றவர் பேசியதே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதி ஒரு கீச்சொலி வரும், யாரோ குறுக்கே பேசினார் என்று கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்துவிடும். பழைய முறையை இன்னும் விடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆன்டெனா அதே வடிவம், அளவுதான் பெரிசு. 127 மெகாஹெர்ட்ஸுக்கு நடுக்கம்பி 56 செ.மீ., கீழ்க்கம்பிகள் 59 செ.மீ. டாங்கிளோடு வரும் இழுவை டைபோல் (இரு கை ஆன்டெனா) போதுமென்றால் இரு கையையும் 56 செ.மீ. இழுத்து, மேலும் கீழுமாகச் செங்குத்தாக நிறுத்துங்கள். எஸ்டிஆர்++ போன்ற மென்பொருளில் ஏஎம், அகலம் 8 முதல் 10 கிலோஹெர்ட்ஸ். விமான அலைவரிசையில் பாட்டு கேட்டால் 88–108 எஃப்எம் நிலையங்கள் டாங்கிளை நிரப்பிவிட்டன என்று பொருள். கெயினை இறக்குங்கள், போதாவிட்டால் எஃப்எம் தடுப்பு ஃபில்டர் போடுங்கள். டாங்கிளே வேண்டாம் என்றால் யூனிடென் பிசி125ஏடி கைக்கருவி நல்லது. பாவ்ஃபெங் யுவி-5ஆர் எஃப்எம்முக்கானது, இதற்கு உதவாது. விமான அலைவரிசையில் பேசவும் கூடிய வாக்கிடாக்கி வாங்கவே வேண்டாம். தவறி அழுத்தும் ஒரு பொத்தான் போதும்.

முதலில் கென்னடி விமான நிலையத்தின் 128.725-ஐப் போடுங்கள். அது ஏடிஐஎஸ், பதிவு செய்த அறிவிப்பு: காற்று, அழுத்தம், எந்த ஓடுபாதை என்று திரும்பத் திரும்பச் சொல்லும். அது தெரிந்தால் மற்றதில் பாதி புரிந்துவிடும். அடுத்து புறப்படும் ஒரு விமானத்தைப் பின்தொடருங்கள். 135.05-இல் பாதை அனுமதி வாங்கும், 121.9-இல் ஓடுபாதை வரை நகரும், டவருக்கு 119.1 அல்லது 123.9. ஒரு டாங்கிள் ஒரே நேரத்தில் பார்ப்பது 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம். 119.1-க்கும் 121.9-க்கும் இடைவெளி 2.8, எனவே இரண்டையும் சேர்த்துக் கேட்க இரண்டு டாங்கிள் வேண்டும்.

பேச்சுக்கு ஒரு வரிசை உண்டு. யாரைக் கூப்பிடுகிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும். டவர், "ஏர் இந்தியா ஒன் சீரோ ஒன் ஹெவி, ரன்வே டூ டூ லெஃப்ட், கிளியர்ட் டு லேண்ட்" என்ற வடிவில் சொல்லும். விமானி அதையே திருப்பிச் சொல்வார். "ஹெவி" என்பது பெரிய விமானம், பின்னால் வருபவர் அதன் காற்றுச் சுழலுக்கு இடம் விட வேண்டும். ஏ380-க்கு மட்டும் "சூப்பர்". ஒன்பதை "நைனர்" என்பார்கள். அங்கே 18,000 அடியிலிருந்து உயரத்தை "ஃபிளைட் லெவல்" என்று சொல்வார்கள். 35,000 அடி "த்ரீ ஃபைவ் சீரோ" ஆகிவிடும்.

விமானி தெளிவாகக் கேட்கிறார், டவர் கேட்கவில்லை என்றால் உங்கள் ஆன்டெனா பழுதல்ல. விமானம் வானத்தில் நேரே தெரிகிறது, டவரின் ஆன்டெனா கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கிறது. விமானி திருப்பிச் சொல்வதிலிருந்தே டவர் சொன்னதை ஊகிக்கலாம். லைவ்ஏடிசி இணைய ஒலியைக் கேட்டுக்கொண்டே உங்கள் வரைபடத்தைப் பார்த்தால் குரல் சற்றுப் பின்தங்கி வரும். வரைபடத்தில் விமானம் ஏற்கெனவே திரும்பியிருக்க, "டர்ன் லெஃப்ட்" என்ற உத்தரவு அதற்குப் பிறகுதான் காதில் விழும்.